தும்மும் ஜெர்பிலுக்கு என்ன கூளம் போடுவது?

எங்கள் வீட்டில் இரண்டு ஜெர்பில்கள், அதாவது எலி போன்ற சின்ன வளர்ப்புப் பிராணிகள். கூடப் பிறந்த ஆண்கள். கன்னங்கரேல் என்று இருப்பவன் கருப்பன், செம்பழுப்பாக இருப்பவன் செம்பன். ஒரே கண்ணாடித் தொட்டி, ஒரே தீனி, ஒரே மணல் கிண்ணம். கருப்பன் எதில் புரண்டாலும் அசர மாட்டான். செம்பனுக்கோ, தொட்டியின் அடியில் படுக்கையாகப் பரப்பும் கூளம் மாறினாலே தும்மல் தொடங்கிவிடும். கூடவே மூக்கைச் சுற்றிச் சிவப்பு, அரிப்பு, சில சமயம் மூக்குக்கு மேலே முடி உதிர்ந்து சொட்டையும் விழும். இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு கூளம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அலர்ஜி இருக்கிறது என்பதற்காக ஜெர்பிலின் தொட்டியில் கூளத்தின் ஆழத்தைக் குறைக்கக் கூடாது. தூசி வேண்டாம் என்று இரண்டு விரல் உயரத்துக்குக் காகிதத்தை மட்டும் பரப்பிவிட்டால் தும்மல் நிற்கலாம். ஆனால் அந்தப் பிராணிக்கு வாழ்க்கை என்று ஒன்று மிஞ்சாது. மங்கோலியாவின் வறண்ட புல்வெளிகளில் மண்ணைக் குடைந்து, பல வாசல்கள் வைத்த வளைகளில் கூட்டமாக வாழ்ந்த இனம் இது. தொட்டியில் குறைந்தது 20 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். 30 இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஆழத்தை விடாமல் தூசியை எப்படிக் குறைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

அதற்கு முன், மூக்கில் தெரியும் சிவப்பு என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும். முதல்முறை பார்ப்பவர்கள் ரத்தம் என்றே பதறுவார்கள். பெரும்பாலும் அது ரத்தம் இல்லை. ஜெர்பிலின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டீரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. கொழுப்பும் போர்ஃபிரின் என்ற செந்நிறப் பொருளும் கலந்த ஒரு நீரை அது சுரக்கிறது. அந்த நீர் மூக்குத் துவாரம் வழியாக வெளியே வரும். ஜெர்பில் முகம் கழுவும்போது எச்சிலோடு கலந்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். இதெல்லாம் சாதாரணமாக நடப்பதுதான். தூசியாலோ பயத்தாலோ புழுக்கத்தாலோ தொந்தரவு வரும்போது சுரப்பு கூடுகிறது, அல்லது சரியாகத் துடைக்கப்படாமல் மூக்கடியில் தங்கிக் காய்கிறது. காய்ந்தது தோலை எரிக்கும். எரிந்த இடத்தை நகத்தால் சொறிவான். சொறிந்த புண்ணில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி ஏறும். மூக்குப்புண் வருவது இந்த வழியாகத்தான்.

ரத்தமா போர்ஃபிரினா என்று சந்தேகம் வந்தால், ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் உதவும். ஈரமான வெள்ளைப் பஞ்சால் மூக்கடியை மெல்ல ஒற்றி எடுத்து, இருட்டில் அந்தப் பஞ்சின் மேல் ஒளியை அடித்துப் பாருங்கள். போர்ஃபிரின் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாக ஒளிரும், ரத்தம் ஒளிராது. ஒளியைப் பஞ்சின் மேல் அடிக்க வேண்டும், ஜெர்பிலின் கண்ணில் அல்ல. கருப்பனைப் போல அடர்நிற முடி உள்ளவர்களுக்கு இந்தக் கறை வெறும் கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது. அதனால் இருவரையும் ஒரே மாதிரி ஒற்றிப் பார்ப்பது என் வழக்கம்.

எல்லாத் தும்மலும் அலர்ஜி இல்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தோண்டும்போது மட்டும் தும்மி, வெளியே வந்து சக்கரத்தில் ஓடும்போது சரியாகிவிட்டால் தூசியைச் சந்தேகிக்கலாம். தூங்கும்போதும் மூச்சில் கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்டாலோ, முடி சிலிர்த்துக் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாலோ, எடை குறைந்தாலோ அது மூச்சுக்குழாய்த் தொற்றாக இருக்கலாம். அப்போது கூளத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதுவும் சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய டாக்டராக இருந்தால் நல்லது. ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் ஜெர்பில்களுக்கு நஞ்சாகக் கூடியவை. பழகியவர்களுக்கு அது தெரிந்திருக்கும். ஒரு சின்ன எடைத் தராசு வீட்டில் இருப்பது ரொம்ப உதவி. வளர்ந்த ஜெர்பிலே பெரும்பாலும் 60 முதல் 100 கிராம்தான் இருக்கும். அதில் ஐந்தாறு கிராம் குறைந்தால் பார்வைக்குத் தெரியாது, தராசு காட்டிக்கொடுக்கும்.

மூக்குக்கு மேல் முடி மட்டும் உதிர்ந்து, சிவப்போ புண்ணோ இல்லை என்றால், கம்பிக் கூண்டைக் கடித்துத் தேய்ப்பதுகூடக் காரணமாக இருக்கும். தோலில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் (மைட்) தொல்லையாலும் அரிக்கும், முடி கொட்டும். எங்கள் டாக்டர் முதலில் தோலைச் சுரண்டி உண்ணி இல்லை என்று உறுதிசெய்துவிட்டுத்தான் கூளத்தைப் பற்றியே பேச்செடுத்தார். அந்த வரிசை சரி என்று நினைக்கிறேன்.

சரி, கூளத்துக்கு வருவோம். ஜெர்பிலின் மூக்கை உறுத்துபவை முக்கியமாக இரண்டு: தூசி, வாசனை. வாசனை விஷயம் எளிது, ஒரேயடியாக ஒதுக்கிவிடலாம். தேவதாரு, பைன் போன்ற மரச்சீவல்களில் நமக்கு மணமாகத் தெரிவது, காற்றில் ஆவியாகும் எண்ணெய்களும் அமிலங்களும்தான். அவை மூச்சுப்பாதையை எரிப்பதோடு நிற்பதில்லை. 1967-இல் எலியட் வெசெல் என்பவர் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். செந்தேவதாரு, பைன் மரச்சீவல்களில் வைத்து வளர்த்த எலிகளின் கல்லீரலில், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் கூடியிருந்தன. மயக்க மருந்து கொடுத்தால் சீக்கிரம் தெளிந்து எழுந்தன. கீழே பரப்பும் சீவல் கல்லீரல்வரை போய் வேலை செய்கிறது என்றால், ராத்திரி பகலாக அதற்குள்ளேயே மூக்கைப் புதைத்துக்கொண்டு இருக்கும் பிராணிக்கு அதைப் போடுவானேன்? சூளையில் உலர்த்திய பைன் சீவலில் இந்தப் பொருட்கள் நன்றாகக் குறைந்துவிடும் என்பது உண்மைதான். அலர்ஜி இல்லாத ஜெர்பிலுக்கு அதைப் போடுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். செம்பனைப் போன்றவனுக்குப் போட மாட்டேன். அதே காரணத்துக்காக, லாவண்டர் மணம், எலுமிச்சை மணம், நாற்றம் போக்கும் பொடி என்று எது சேர்த்த காகிதக் கூளமும் எங்கள் வீட்டுக்குள் வராது. தொட்டி இருக்கும் அறையில் மணம் தெளிக்கும் டப்பாவும் கிடையாது.

தூசிதான் கடினம். பையின் மேல் "99 சதவீதம் தூசியற்றது" என்று போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே பெயரில் வரும் இரண்டு பைகளே வேறு வேறாக இருக்கும். ஒரே பையில் மேலே இருப்பது சுத்தமாக இருக்கும். வண்டியில் குலுங்கி வந்ததில் தூள் எல்லாம் அடியில் இறங்கியிருக்கும். அதனால் பையின் அடியிலிருந்துதான் ஒரு கைப்பிடி எடுக்க வேண்டும். அதை மூடியுள்ள ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஜாடியை நாலைந்து தடவை குலுக்கி, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல கூளம் என்றால் ஒன்றிரண்டு துகள் மின்னிவிட்டுச் சட்டென்று அடங்கும். மோசமானது என்றால் ஜாடி முழுக்கப் பால் போல வெளுத்து, எண்ணி நூறு சொல்லும்வரை அப்படியே தொங்கும். எந்தத் தூசி நேரம் கழித்து அடங்குகிறதோ அதுதான் மூக்கைத் தாண்டி நெஞ்சுக்குள் போகும் நுண்தூசி. பெரிய துணுக்குகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தச் சோதனையில் தேறாத பையை நான் செம்பனுக்குப் பிரிப்பதே இல்லை.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் வெள்ளை, மணமில்லாத பேப்பர் டவலைக் கிழித்துப் போட வேண்டும். உலர்புல், மரச்சீவல், மரப்பட்டை எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் இப்படி ஓடட்டும். தும்மல் அடங்கி மூக்கு ஆறினால் கூளம்தான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் புதுக் கூளம், புதுத் தீனி, புது மணல் என்று மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. பேப்பர் டவலிலும் தும்மல் நிற்கவில்லை என்றால் தீனியின் தூளையும் மணலையும் பார்க்க வேண்டும், மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்.

இந்த இடைக்காலத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். பேப்பர் டவலில் வளை நிற்காது. வளை இல்லாத ஜெர்பில் தொட்டி மூலையில் நின்றுகொண்டு கண்ணாடியை ஓயாமல் பிறாண்டும். பலரும் அதைத் தோண்டும் ஆசை என்று நினைத்து ஒரு பெட்டி மணலை வைப்பார்கள். 1997-இல் கிறிஸ்டோஃப் வீடன்மாயர் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். தோண்டுவதற்கு உலர்ந்த மணல் மட்டும் கொடுத்த குட்டிகளிடம் இந்த ஓயாத பிறாண்டல் வந்தது. குழாய் வழியாக நுழையும் ஓர் இருட்டறையைச் செய்து கொடுத்த குட்டிகளிடம் வரவில்லை. ஆக, அவற்றுக்கு முக்கியமாகத் தேவைப்படுவது தோண்டி முடித்தால் கிடைக்கும் அந்த அறை. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. மரப்பலகையில் ஒரு சிறு பெட்டி, ஒளி புகாத மூடி, உள்ளே போக வளைந்த அட்டைக் குழாய். சோதனைக் காலம் முழுக்கச் செம்பனும் கருப்பனும் அதற்குள் சுருண்டு படுத்துக்கொண்டார்கள். பெட்டியைச் செய்ய மணமில்லாத மரமாகவும், பசை தெரியாதபடி இணைத்ததாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் கடித்துத் துளைத்துவிடுவார்கள்.

இனி எதை எதைச் சேர்த்துப் பார்க்கலாம்? காகிதக் கூளத்தில் இரண்டு ரகம் உண்டு. சுருக்கி மடித்த கீற்றுகளாக வருவது ஒன்று, கூழிலிருந்து செய்த பஞ்சு உருண்டைகள் போல வருவது இன்னொன்று. இரண்டாவது மென்மையாக இருக்கும், ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் தூசி அதில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சுருக்கிய கீற்று ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் வளையும் நிற்கும், தூசியும் குறைவு. செம்பனுக்கு ஒத்துக்கொண்ட முதல் கூளம் அதுதான்.

ஆஸ்பென் மரச்சீவல் நல்ல பெயர் வாங்கியது. மணம் தரும் எண்ணெய் அதில் இல்லை. தனியாகப் போட்டால் வளை சரிந்துவிடும் என்பது ஒரு குறை. பைக்குப் பை தூசி மாறுவது இன்னொரு குறை. அதைச் சலிக்காமல் போடவே கூடாது. வெளியே கொண்டுபோய், முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, பெரிய கண் சல்லடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஆட்டினால், சல்லடைக்கு அடியில் மாவு மாதிரி ஒரு குவியல் சேரும். அந்தக் குவியல் இனிமேல் ஜெர்பிலின் மூக்குக்குள் போகாது என்று நினைக்கும்போது அந்த வேலை சுமையாகவே தெரிவதில்லை.

ஹெம்ப் என்ற நார்ச்செடியின் தண்டிலிருந்து வரும் கூளம் எனக்கு மிகவும் பிடித்தது. தூசி குறைவு, ஈரம் உறிஞ்சும், மணம் கிடையாது. சில பைகளில் தண்டுத் துணுக்குகள் முரடாகவும் கூராகவும் இருக்கும். மூக்கில் ஏற்கெனவே புண் உள்ளவனுக்கு அது ஆறும்வரை போட வேண்டாம். ஜெர்பில் மூக்கால் முட்டித் தள்ளியும் தோண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

உலர்புல்தான் செம்பனுக்குச் சிக்கலானது. வளைக்கு எலும்பு மாதிரி பலம் கொடுப்பது அதுதான். ஆனால் அதில் மகரந்தம், பூஞ்சைத் துகள், உண்ணி எல்லாம் ஒளிந்திருக்கும். பழுப்பேறிய, நொறுங்குகிற, மக்கல் வாடை அடிக்கிற புல்லைத் தொடாதீர்கள். நீளத் தண்டுகளாக, பச்சை மாறாமல் இருப்பதை எடுத்து நன்றாக உதறிவிட்டு, சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உண்ணித் தொல்லை குறையும். அப்படியும் தும்மினால் புல்லை விட்டுவிட்டு அட்டையை நம்புங்கள். அச்சில்லாத பழுப்பு அட்டையை முழுசாகப் போட்டால் போதும், அவர்களே கிழித்துக் கீற்றாக்கிக்கொள்வார்கள். செம்பன் விஷயத்தில் நான் அப்படித்தான் முடிவு செய்தேன்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவையும் உண்டு. மரத்தூள் முழுக்கத் தூசி. மக்காச்சோளக் கட்டையை நொறுக்கிச் செய்த கூளத்தில் வளையும் தோண்ட முடியாது, ஈரம் பட்டால் பூஞ்சையும் பிடிக்கும். பூனைக்குப் போடும், கட்டியாகும் களிமண் மணலைத் தின்றால் வயிற்றில் கட்டிக்கொள்ளும். "கூடு கட்டப் பஞ்சு" என்று விற்கும் இழைப்பஞ்சு காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், விழுங்கினால் குடலை அடைக்கும். தூசியே வராது என்று துணி விரிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஜெர்பில் துணியைக் கடித்துத் தின்னும், அதனால் நான் விரிப்பதில்லை.

எங்கள் தொட்டியில் இப்போது இருப்பது இது. அடியில் சலித்த ஆஸ்பென், நடுவில் ஹெம்ப்பும் சுருக்கிய காகிதக் கீற்றும் கலந்தது, இடையிடையே கிழித்த அட்டை. ஒவ்வோர் அடுக்கையும் உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். அழுத்தாமல் குவித்தால் எந்தக் கூளத்திலும் வளை நிற்காது. வளை சரியும்போதெல்லாம் அவன் மறுபடி தோண்டுவான், மறுபடி தூசி கிளம்பும். வளை உறுதியாக நின்றால் தோண்டல் தானாகக் குறைகிறது, தூசியும் குறைகிறது. அலர்ஜிக்காரனுக்கு ஆழமான கூளம் கெடுதல் என்று சொல்பவர்களிடம் நான் எடுத்துச் சொல்வது இதைத்தான். போட்டு முடித்த கையோடு ஜெர்பில்களை உள்ளே விடக் கூடாது. அவர்கள் வேறு அறையில் இருக்கட்டும். தூசி முழுக்க அடங்கிய பிறகு விடலாம்.

அடிக்கடி கழுவித் துடைப்பதும் வேண்டாம். வறண்ட நிலத்துப் பிராணி என்பதால் சிறுநீர் மிகக் கொஞ்சம்தான் போகும். ஆழமான கூளம் வாரக்கணக்கில் தாங்கும். நனைந்த மூலையை மட்டும் அவ்வப்போது அள்ளிவிட்டால், மூக்கை எரிக்கும் அமோனியா வாடை சேராது. முழுசாக மாற்றும்போதும் பழைய, உலர்ந்த கூளத்தில் ஒரு பங்கைத் திரும்பப் போட வேண்டும். தங்கள் வாசனை ஒரேயடியாகக் காணாமல் போனால் கலங்கிப்போவார்கள். கலக்கம் வந்தால் போர்ஃபிரின் சுரப்பு கூடும், மூக்கு மறுபடி சிவக்கும்.

ஈரப்பதத்தை யாரும் பேசுவதில்லை. காற்றில் ஈரம் 50 சதவீதத்தைத் தாண்டினால் ஜெர்பிலின் முடி எண்ணெய் தடவியது போலக் குச்சி குச்சியாக நிற்கும், சுரப்பும் மூக்கடியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் தொட்டிக்கு முழுக்கக் கம்பிவலை மூடி போடுவது இதற்காகவும்தான். தண்ணீர் பாட்டில் சொட்டுகிறதா என்று தினமும் தொட்டுப் பாருங்கள். சுரப்பைத் துடைத்தெடுக்க மணல் குளியல் அவசியம். சின்சில்லா என்ற இன்னொரு சிறு பிராணிக்கு விற்கும் மாவுப் பொடி வேண்டாம், அதுவே தூசி. கழுவி, சூட்டில் காயவைத்த மெல்லிய மணல் போதும்.

கூளத்தை அள்ளும்போது உங்கள் மூக்கும் ஒழுகினால், அதைத் தனியாகக் கவனியுங்கள். ஜெர்பிலின் முடிக்கும் எச்சிலுக்கும்கூட மனிதர்களுக்கு அலர்ஜி வரலாம். எந்தக் கூளத்தை மாற்றினாலும் அது தீராது.

கடைசியாக ஒன்று. ஒத்துக்கொண்ட கூளம் கிடைத்துவிட்டால், பை முழுக்கத் தீரும்வரை காத்திருக்காதீர்கள். பாதி இருக்கும்போதே அடுத்த பையை வாங்கி, அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஜாடியில் குலுக்கிப் பாருங்கள். புதுப்பை தேறவில்லை என்றாலும், வேறொன்று கிடைக்கும்வரை பழையதை வைத்துச் சமாளிக்கலாம்.